இரண்டு லைன், ஒரு பள்ளம்

புனேவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. மராத்தியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே சொல் ‘ஹோ’. ஆமாம் என்று அர்த்தம். காய்கறிக்காரர் ஏதோ சொல்வார், ஹோ. குடியிருப்பின் காவலாளி நீளமாக எதையோ முறையிடுவார், ஹோ ஹோ. எதிர் வீட்டு அம்மாள் தன் மருமகளைப் பற்றி அரை மணி நேரம் கொட்டித் தீர்ப்பாள், நடுநடுவே பத்து ஹோ. நாங்கள் குடியிருக்கும் ஔந்தில் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் இதற்கு ‘ஹோ போடுவது’ என்றே பெயர். “என்ன சொன்னா அவ?” “யாருக்குத் தெரியும், ஹோ போட்டுட்டு வந்துட்டேன்.” சொல்லிவிட்டு எல்லோரும் சிரிப்போம். இத்தனை வருஷம் ஒரு ஊரின் சோற்றைத் தின்றுவிட்டு அந்த ஊரின் பேச்சைக் காதில் வாங்காமல் இருந்ததை ஏதோ சாமர்த்தியம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எனக்கு வேலை மகர்பட்டாவில். இணையம் வழியாகப் பேசும் தொலைபேசி அழைப்புகள் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று அமைத்துக் கொடுக்கும் வேலை. நாம் பேசுவதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் அரை நிமிஷம் தாமதமாக வந்தால் யார் குடியும் முழுகிவிடாது. பேச்சு அப்படி இல்லை. ஒரு கண்ணிமைப்பு பிந்தினால் போதும், “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று கத்த ஆரம்பித்துவிடுவோம். எனவே பாதை அறுந்துபோகக் கூடாது. நடுவில் எவனும் ஒட்டுக்கேட்கவும் கூடாது. அறுந்துபோகாமல் இருக்க இரண்டு பாதை, ஒட்டுக்கேட்காமல் இருக்கப் பூட்டு. இதைப் பற்றி நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெல்லாம் எடுத்திருக்கிறேன். பலகையில் இரண்டு கோடு போட்டு, “ரெண்டும் சேந்து சாகாது” என்று சொல்வேன். பெரிய மேதாவி மாதிரி.

அடி வாங்கும் பெண்களுக்காக நடக்கும் ஒரு உதவி மையத்துக்கு அழைப்பு வசதி செய்து தரும் வேலை எங்களிடம் வந்தது. மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாதாரணக் குடியிருப்பில் இரண்டு அறை, நாலு நாற்காலி, நாலு கணினி. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. எந்தத் தெரு என்று நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அங்கே தமிழ் அழைப்புகளை எடுப்பதற்கு ஒருத்தி இருந்தாள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேசினால் ஊரே எழுந்து உட்காரும். முதல் நாளே என்னிடம், “வாங்கக்கா, டமில்லயே பேசலாம், இங்க எனக்கு ஜோடியே இல்ல” என்று சொல்லி, டப்பாவைத் திறந்து பாதிச் சாப்பாட்டை என் பக்கம் தள்ளினாள். அவளிடம்தான் அந்த மையம் நடக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டேன்.

“நாங்களா யாருக்கும் போன் பண்றதில்லக்கா. அவங்க மிஸ்டு கால் குடுப்பாங்க. ஒடனே நாங்க திருப்பி அடிப்போம். எங்க நம்பர அவங்க போன்ல ‘கேஸ்’னு போட்டு வெச்சிருப்பாங்க. சிலிண்டர் கேஸ். புருஷன் எடுத்துட்டான்னு வெச்சுக்கோ, ‘சிலிண்டர் புக்கிங்கா?’ன்னு கேட்டுட்டு வெச்சிருவோம். அவனுக்கு ஷக்கு, சந்தேகம் ஒண்ணும் வராது.”

அதனால் மையத்திலிருந்து வெளியே போகும் அழைப்புகள் எல்லாம் அந்த ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். ஊரில் சுவரொட்டியில் போட்டிருக்கும் எண் வேறு. அது ஆயிரம் பேர் கைபேசியில் பெண்கள் உதவி மையம் என்று பதிவாகியிருக்கிறது. அழைப்பது யார் என்று பெயர் காட்டும் செயலிகளில் அந்தப் பெயரோடுதான் ஒளிரும். பேச்சுக்கு நான் போடும் பூட்டு பேச்சைத்தான் காக்கும். யார் கூப்பிட்டது என்பதைத் திரையில் காட்டும் எண்ணுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

இரண்டு வேறு நிறுவனங்களிடமிருந்து இரண்டு ஃபைபர் லைன் வாங்கினோம். இரண்டிலும் பூட்டு, இரண்டிலும் கேஸ் எண். இது போக மூன்றாவதாக ஒரு சாதாரண லைன், அந்தச் சுவரொட்டி எண்ணோடு. இரண்டு ஃபைபரும் ஒரே நேரத்தில் செத்தால் அழைப்புகள் தானாக மூன்றாவதற்கு மாறும்படி அமைத்தேன். விதிமுறையில் மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று இருந்தது, அதனால் வைத்தேன். அதில் வெளியே போகும் அழைப்புகளை அடைத்து வைத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. இரண்டு ஃபைபரும் சேர்ந்து சாகப்போவதே இல்லை, பிறகு அதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டும் சேர்ந்து சாகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? லைன் போட்ட ஆளிடம் கேட்டேன். அதுதான் கதை.

அவர் இரண்டு நிறுவனங்களுக்கும் கம்பி போட்ட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த லைன்மேன். ஐம்பது வயது தாண்டியவர், பாதி நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சோதனை விளக்கு. இந்தி பேசுவார், ஆனால் கொஞ்சம் வேகம் எடுத்தால் மராத்திக்குத் தாவிவிடுவார். லைனை ஒப்படைக்கும் நாளில் மையத்தின் வாசலில் வைத்து, கையில் படிவத்தோடு நான் இந்தியில் கேட்டேன்: இரண்டு லைனும் தனித்தனிதானே?

“லைன் வேக்ளா ஆஹேத்” என்றார் அவர். தனித்தனி என்கிறார், நான் கேட்டதற்குப் பதில் என்பதால் அது எனக்குப் புரிந்தது. பிறகு கையைத் தரைப் பக்கம் காட்டி, “பண் சர் ஏகச்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஊர் அலுவலகங்களில் பொம்பளையைப் பார்த்தும் வாய்ப் பழக்கத்தில் சர் சர் என்பவர்கள் உண்டு. இருபது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள் நான். அவரை நிறுத்தி, விரலை ஆட்டி, “சர் நஹி. மேடம் போலோ” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டிருந்தேன். “ஹோ மேடம்” என்றார். நானும், “ஹோ, ஹோ” என்றேன். படிவத்தில் ‘இரு பாதைகளும் தனித்தனி’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அவரும் பக்கத்தில் போட்டார். படிவம் முழுக்க ஆங்கிலம். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது எனக்கு அப்போதே தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போய், லைன்மேனுக்கு மரியாதை கற்றுக்கொடுத்த கதையை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், என் திரையில் இரண்டு ஃபைபரும் ஒரே நொடியில் சிவப்பாயின. எங்கோ ரோட்டில் பொக்லைன் தோண்டியிருக்கிறது என்று உடனே தெரிந்தது, இந்த ஊரில் அது வாடிக்கைதான். ஆனால் இரண்டும் ஒன்றாக எப்படி என்று யோசிப்பதற்குள் மூன்றாவது லைன் அழைப்புகளை வாங்கிக்கொண்டது. ஒரு அழைப்புகூடத் தவறவில்லை. சாயங்காலத்துக்குள் கம்பியை ஒட்டிவிட்டார்கள், இரண்டும் பச்சைக்குத் திரும்பின.

எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். அலுவலகத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். என் மேஜைக்கே வந்து, “கலக்கீட்டீங்க மேடம். ஒரு கால் கூட விழுகலைங்க” என்றார். எல்லோருக்கும் ஒரு பாராட்டு மின்னஞ்சல் அனுப்பினார். யாரோ பேடா வாங்கி வந்தார்கள். நான் இரண்டு தின்றேன்.

புதன்கிழமை காலையில் மையத்திலிருந்து அந்தக் கட்கிக்காரி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“அக்கா, நேத்து மத்தியானம் எங்க கால் எந்த நம்பர்லேந்து போச்சி?”

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். இரண்டு லைனும் போய்விட்டது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை, மூன்றாவது வழியில்... சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே உறைத்தது.

“போஸ்டர் நம்பரா?” என்று கேட்டாள். நான் திரையில் முந்தின நாள் பதிவைத் திறந்தேன். “அக்கா, போஸ்டர் நம்பரா போச்சின்னு கேக்கறேன்!”

“ஆமா” என்றேன்.

அவள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது, மையத்தில் அது தப்பு. ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். புனேவுக்கு வெளியே, தொழிற்சாலைகள் இருக்கும் ரஞ்சன்காவில் ஒரு தமிழ்ப் பெண். திண்டுக்கல் பக்கம். புருஷனுக்கு அங்கே தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. நாலு மாதமாக இவளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். முதல் மாதம் முழுக்க அழுகை மட்டும்தான், பிறகுதான் வாய் திறந்தது. கடைசியில் வீட்டை விட்டு வந்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை கணபதி கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும், கார் வந்து அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளும். எத்தனை மணிக்கு என்று சொல்வதற்காகத்தான் செவ்வாய் மத்தியானம் அவளுடைய மிஸ்டு காலுக்கு இவள் திருப்பி அழைத்திருக்கிறாள். எடுத்தது ஆம்பளைக் குரல். “சிலிண்டர் புக்கிங்கா?” என்று கேட்டுவிட்டு இவள் வழக்கம்போல வைத்துவிட்டாள். எப்போதும் அதோடு முடிந்துவிடும் என்பதால் பயப்படவும் இல்லை.

“அவ வெச்சிருக்கறது அவன் யூஸ் பண்ண பழைய போனுக்கா. அதுல அந்தப் பேரு காட்டற ஆப் இருக்குது. ‘கேஸ்’னு வர்ற நம்பர்னா கேஸ்னு காட்டும். நேத்து இன்னா காட்டியிருக்கும், சொல்லு. நான் வேற சிலிண்டர், சிலிண்டர்னு லூசு மாரி கேட்டேன்.” அவள் அழ ஆரம்பித்தாள். “நேத்துலேந்து அந்த போன் ஆஃப்.”

வியாழக்கிழமை கார் போயிற்று. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கோயில் வாசலில் நின்றது. யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்ததில், செவ்வாய் ராத்திரியே புருஷன் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டான் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அங்கே எத்தனை ஊர் இருக்கிறது!

அன்று மத்தியானமே, இரண்டு லைனும் எப்படி ஒன்றாக அறுந்தன என்று பார்க்கக் கம்பி ஒட்டிய இடத்துக்குப் போனேன். பள்ளத்தை இன்னும் மூடவில்லை. எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு குழாய், நீல நிறத்தில் ஒரு குழாய், இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டிப் படுத்திருந்தன. இரண்டு நிறுவனம், இரண்டு ஒப்பந்தம், இரண்டு கம்பி. படுத்திருந்தது ஒரே பள்ளத்தில்.

அந்த லைன்மேன் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், இரண்டு கையாலும் பள்ளத்தின் நீளத்தைக் காட்டினார். “சர்” என்றார். பிறகு ஒரு விரலைத் தூக்கி, “ஏகச்.”

மராத்தியில் அந்தச் சொல் சரியாக ‘சர்’ இல்லை. முன்னால் ஒரு ‘த்’ நாக்கில் தட்டும். கம்பியும் குழாயும் போட வெட்டும் நீளப் பள்ளத்துக்கு அதுதான் பெயர். இந்த ஊரில் ரோடு தோண்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த சொல். ‘லைன் வேறே வேறே, ஆனா பள்ளம் ஒண்ணுதான்’ என்று அந்த மனுஷர் அன்றைக்கே, என் முகத்துக்கு நேரே, தரையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்கு மேடம் என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் விசாரணை. ஒரு கண்ணாடி அறையில் எங்கள் ஆட்கள், ஒப்பந்தக்காரர், அந்த லைன்மேன், நான். ஒரு பெண்ணைக் காணவில்லை என்று மையம் கொடுத்த புகாரை முதலில் இந்தியில் படித்தார்கள். மேஜையில் அந்தப் படிவம். இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒப்பந்தக்காரர் லைன்மேனைப் பார்த்து, தனித்தனி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று சத்தம் போட்டார். லைன்மேன் மராத்தியில் சொன்னார், பிறகு இந்தியிலும் சொன்னார்: நான் மேடமிடம் சொன்னேன், பள்ளம் ஒன்றுதான் என்று சொன்னேன், மேடம் ஹோ சொன்னார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

அப்போது மேலாளர், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், ஏதோ கோப்பைப் பற்றிக் கேட்பவர் மாதிரித் தமிழில் சொன்னார்: “மேடம், நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க. அந்த ஆளு எழுதிக் குடுக்கலீல்ல? அப்ப சொல்லலைன்னுதான் கணக்கு. ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லிப்போட்டு உக்காருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அந்த அறையில் அது வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. வீட்டில் பேசுகிற என் தாய்மொழி அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு அருவருப்பாகப் பட்டது. அந்த லைன்மேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாதவரின் முகம் அது. அந்த முகத்தை நான் இருபத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

“எனக்கு ஞாபகம் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் அவரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். எங்கள் அறிக்கையில், ‘களப் பணியாளர் தவறான தகவல் அளித்தார்’ என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியது நானில்லை. படித்துப் பார்த்துச் சரி என்று அனுப்பியது நான். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், “நீ எதுக்குப் போய் மாட்டிக்கிடணும்? வேலை போச்சுன்னா திரும்பக் கெடைக்கிற வயசா நமக்கு?” என்றார். ஊரில் இருந்தால் என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். எல்லோரும் எனக்கு நல்லதுதான் சொன்னார்கள். எல்லோர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்கள் சொன்னதையே நான் ஏற்கெனவே செய்திருந்ததால் வந்த கோபம் அது.

ரஞ்சன்காவ்ப் பெண்ணைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நான் நாலைந்து தடவை கட்கிக்காரியைக் கேட்டேன். “இல்லக்கா” என்பாள், அதோடு சரி. முன்னே மாதிரி வேறு எதுவும் பேசமாட்டாள். அவளுக்கு அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரிதான் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேலைச் சுமை, பாவம், அதனால்தான் பேச்சு குறைந்துவிட்டது என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

வேலையை மட்டும் இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது லைனை வேறு ரோடு வழியாகச் சுற்றிக் கொண்டுவர வைத்தேன். பள்ளம் வெட்டின ஒவ்வொரு நாளும் போய் நின்று என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது லைனில் வெளியே போகும் அழைப்புகளை அடைத்தேன். அதே பத்து நிமிஷம்தான் ஆயிற்று.

எல்லாம் முடிந்து, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு காலை நேரத்தில் மையத்துக்குப் போனேன். கட்கிக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் லைனிலேயே இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். சோதனை அழைப்புகள் இரண்டு முடிந்தன. மூன்றாவதாக வந்தது நிஜ அழைப்பு. நான் ஹெட்ஃபோனைக் கழற்றியிருக்க வேண்டும். “நாந்தான், ரஞ்சன்காவுல இருந்தேனே” என்ற குரலைக் கேட்டதும் என் கை எழவில்லை.

கட்கிக்காரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். “சொல்லும்மா, சொல்லு, நான்தான்” என்றாள்.

அவ்வளவு தெளிவாக இருந்தது அந்த அழைப்பு. துளி இரைச்சல் இல்லை, ஒரு துண்டுகூட விழவில்லை. அவள் பக்கத்தில் மின்விசிறி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. அதைவிட, அவள் ஒவ்வொரு வாக்கியம் பேசுவதற்கு முன்னாலும் ஒரு ஆம்பளைக் குரல் அதைத் தாழ்வாக எடுத்துக் கொடுப்பது கேட்டது.

‘நல்லா இருக்கேன்னு சொல்லு.’

“நான் நல்லா இருக்கேன்.”

‘தப்பு உம் மேலதான்னு சொல்லு.’

“எம் மேலதான் தப்பு. அவசரப்பட்டுட்டேன்.”

‘கூப்பிடக் கூடாது.’

“இனிமேப்பட்டு என்னையக் கூப்பிடாதீங்க. பேரை அடிச்சிருங்க.”

கட்கிக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். குரல் மட்டும் மாறவில்லை. “சரிம்மா. அடிச்சிடறேன். பாப்பா எப்டி கீறா?” என்று கேட்டாள்.

அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவளாகவே சொன்னாள், அவசர அவசரமாக: “அவளப் பள்ளிக்கூடத்துல சேக்கல. வெளிய விடறதில்ல...”

இணைப்பு நின்றது. என் திரையில் லைன் பச்சையாகத்தான் இருந்தது. அறுத்தது அந்தப் பக்கத்துக் கை.

கட்கிக்காரி உடனே அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். வெளியூரில் காசு கொடுத்துப் பேசும் தொலைபேசிக் கடை ஒன்றின் எண். அந்தப் பக்கம் தெரிந்த ஒரு அமைப்புக்குப் பேசினாள், அவர்கள் விசாரிப்பதாகச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அது அந்த லைன்மேன் தப்பு இல்ல. என் தப்பு. அவர் என்கிட்டச் சொன்னார், நான்தான் புரிஞ்சுக்காம ஹோ போட்டேன். ஆபீஸ்ல கேட்டப்பவும் ஞாபகமில்லைன்னு பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும்” என்றாள். “வேலையவிட்டு எடுத்தாங்களே, அதுக்கு மறாநாளே அவரு இங்க வந்தாரு. லைன் போட்ட ஆளு, எடம் தெரியும் இல்ல. உன்ன ஒரு வார்த்த திட்டல. அந்தப் பொண்ணு கெடைச்சிச்சான்னு கேட்டுக்கினே நின்னாரு. கெடைக்கலன்னதும் அழுதாரு. ‘மேடமுக்குப் புரியலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிச்சி, நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்’னு சொல்லிச் சொல்லி அழுதாரு. அதுக்கப்புறம் ரெண்டு தடவ வந்துட்டாரு. நீயா எப்ப வந்து இத சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்.”